ஒரு கோல் போதுமா? தெஷாமைப் பற்றி ஓயாத சண்டை

2025 ஜூலை 14 சாயங்காலம். பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையில் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் கேரம் போர்டு போட்டிருந்தது, ஆனால் யாரும் கேரம் ஆடவில்லை. காய்களெல்லாம் ஃபுட்பால் பிளேயர்களாக மாறியிருந்தன. கறுப்புக் காய் பதினொன்று ஒரு பக்கம், வெள்ளைக் காய் பதினொன்று இன்னொரு பக்கம் வைக்கப் பார்த்தார்கள், காய் போதாமல் ரெண்டு சட்டைப் பொத்தானும் சேர்ந்தது. ஒரு பக்கம் பெரியப்பா, இன்னொரு பக்கம் பிரான்ஸிலிருந்து லீவுக்கு வந்திருந்த அவர் பேரன். பிரான்ஸ் அணியின் பயிற்சியாளர் திதியே தெஷாம் நிஜமாகவே கெட்டிக்காரரா, இல்லை கெட்டிக்காரப் பசங்களைக் கையில் வைத்துக்கொண்டு பயந்து பயந்து ஆடவைக்கிறவரா என்பதுதான் சண்டை.

வெளியூர்க்காரர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியலாம். பாண்டிச்சேரியில் உட்கார்ந்துகொண்டு பிரான்ஸ் கோச்சைப் பற்றி எதற்கு இவ்வளவு சத்தம்? 1962-இல் ஆட்சி அதிகாரபூர்வமாகக் கைமாறியபோது பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று எழுதிக் கொடுத்த குடும்பங்கள் இங்கே நிறைய. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை ஊரில் சொல்தா என்போம். என் பெரியப்பா ஒரு சொல்தா. ஜூலை 14 பிரெஞ்சு தேசிய தினம், அன்றைக்குக் கடற்கரைச் சாலை போர் நினைவிடத்தில் மெடல் குத்திக்கொண்டு நின்றுவிட்டு வந்து, சட்டையை மாற்றிய கையோடு திண்ணையில் உட்கார்ந்தவர். இந்த மாதிரி வீடுகளில் பிரான்ஸ் மேட்ச் என்பது சொந்தக்காரர் வீட்டு விசேஷம் மாதிரி. 2018 உலகக் கோப்பை ஃபைனல் ஜூலை 15 ராத்திரி எட்டரை மணிக்கு, அதாவது ஜூலை 14 விழாவுக்கு மறுநாளே வந்தது. அந்த ராத்திரியை இங்கே யாரும் மறக்கவில்லை. ஆனால் அந்தக் கோப்பையை வாங்கிக் கொடுத்த மனிதரைப் பற்றித்தான் ஒரே வீட்டுக்குள் ஒத்த கருத்து கிடையாது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம், இதில் சண்டை போட ஒன்றுமில்லை. 2012 ஜூலையில் பொறுப்புக்கு வந்தார். 2014 உலகக் கோப்பையில் கால் இறுதி வரை, ஜெர்மனியிடம் 1-0. 2016 யூரோவில், அதாவது ஐரோப்பிய நாடுகளின் கோப்பையில், சொந்த மண்ணில் ஃபைனல், எக்ஸ்ட்ரா டைமில் போர்ச்சுகலிடம் 1-0. 2018-இல் உலகக் கோப்பை. கொரோனாவால் தள்ளிப்போய் 2021-இல் நடந்த யூரோவில் கடைசி 16-லேயே வெளியே, அதே வருடம் அக்டோபரில் நேஷன்ஸ் லீக் கோப்பை. 2022 உலகக் கோப்பையில் மறுபடி ஃபைனல், பெனால்டியில் தோல்வி. 2024 யூரோவில் அரையிறுதி. ஆக 2014-இலிருந்து 2024 வரை ஆறு பெரிய போட்டிகள், அதில் மூன்று ஃபைனல், கால் இறுதிக்கு முன்னால் வீடு திரும்பியது ஒரே ஒரு தடவை. பிரான்ஸ் அணியை இவ்வளவு மேட்ச் நடத்தியவரும் இவ்வளவு ஜெயித்தவரும் வேறு யாருமில்லை. கேப்டனாக 1998-இல் தூக்கிய கோப்பையை கோச்சாகவும் தூக்கியவர். பிளேயராகவும் கோச்சாகவும் உலகக் கோப்பை ஜெயித்தது இவருக்கு முன்னால் பிரேசிலின் ஜகாலோ, ஜெர்மனியின் பெக்கன்பாவர், அவ்வளவுதான்.

இதற்கு மேல் என்ன வேண்டும் என்று பெரியப்பா கேட்கிறார். பேரன் வேறு கேள்வி கேட்கிறான்: "இந்தப் பசங்களை வச்சு யார் இருந்தாலும் இது நடந்திருக்கும் தாத்தா."

இங்கேதான் 2010-ஐ ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. தென்னாப்பிரிக்க உலகக் கோப்பையில் பிரான்ஸ் பிளேயர்கள் கோச்சோடு சண்டை போட்டு, பயிற்சிக்கு இறங்க மாட்டோம் என்று பஸ்ஸுக்குள் உட்கார்ந்துகொண்டார்கள். ஒரு மேட்ச் கூட ஜெயிக்காமல் ஊர் திரும்பினார்கள். அப்போதும் நல்ல பிளேயர்கள் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. தெஷாம் வந்த பிறகும் உடனே எதுவும் மாறவில்லை. 2013 நவம்பரில் உலகக் கோப்பைக்குத் தகுதி பெறும் பிளே-ஆஃபில் உக்ரைனிடம் 2-0 என்று முதல் மேட்சில் தோற்று, நாலு நாள் கழித்து பாரிஸில் 3-0 என்று திருப்பினார்கள். அந்த ஒரு ராத்திரி திரும்பாமல் போயிருந்தால் தெஷாம் என்ற பேரையே இன்றைக்கு யாரும் பேசியிருக்க மாட்டார்கள். அவருடைய பயம், பிடிவாதம், எதிலும் ரிஸ்க் எடுக்காத குணம் எல்லாம் அந்த நாலு நாளில் கெட்டிப்பட்டுவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பெரியப்பாவின் பயம் அதைவிடப் பழசு. 1982-இல் அவர் பிரான்ஸில் பட்டாளத்தில் இருந்தார். செவில்லா நகரில் மேற்கு ஜெர்மனியோடு உலகக் கோப்பை அரையிறுதி. பிளாட்டினி, ஜிரெஸ், டிகானா என்று பந்தைப் பூ மாதிரி கையாண்ட அணி. எக்ஸ்ட்ரா டைமில் 3-1 என்று முன்னால் இருந்தது. அப்புறமும் நிற்காமல் நாலாவது கோலுக்கு ஏறிக்கொண்டே இருந்தார்கள், ரும்மெனிகே ஒன்று, ஃபிஷர் ஒன்று, 3-3. பெனால்டியில் 5-4 என்று ஜெர்மனி போய்விட்டது. "மூணு கோல் போட்டுட்டு ஒருத்தன் கூட பின்னாடி நிக்கல" என்று பெரியப்பா சொல்லும்போது நாற்பத்து மூணு வருஷத்துக் கோபம் அப்படியே இருக்கும். அழகாக ஆடித் தோற்றதை நேரில் அனுபவித்த தலைமுறைக்கு தெஷாமின் 1-0 எதற்காக இனிக்கிறது என்பதை இதிலிருந்துதான் புரிந்துகொள்ள வேண்டும்.

தெஷாமும் அந்த வழியில் வந்தவர்தான். அவரைக் கேப்டனாக வைத்து 1998-இல் கோப்பை வாங்கிய கோச் எமே ஜாக்கேயைப் பத்திரிகைகள் போட்டிக்கு முன்னால் கிழித்துத் தொங்கவிட்டன. நட்சத்திர பிளேயர் கான்டோனாவை எடுக்கவில்லை, ஆட்டத்தில் அழகில்லை என்று. அந்த அணி உலகக் கோப்பை முழுக்க எதிரிகளிடம் வாங்கியது ரெண்டே கோல். முன்னால் ஆடிய ஸ்ட்ரைக்கர் கிவார்ஷ் ஒரு கோல் கூடப் போடவில்லை, ஆனாலும் கோப்பை வந்தது. அந்த கான்டோனாதான் தெஷாமை "தண்ணி தூக்குகிறவர்" என்று 1996-இல் மட்டம் தட்டினார், இப்படி ஒரு ஆள் எந்தத் தெருமுனையிலும் கிடைப்பான் என்ற அர்த்தத்தில். பெரியப்பா இதைக் கேட்டால் எரிச்சலாகிவிடுவார். பட்டாளத்தில் தண்ணி வரவில்லையென்றால் எவன் சுடுவான் என்பார்.

சரி, 2018-க்கு வருவோம், கேரம் போர்டில் நடந்த விஷயமே அதுதான். முதல் மேட்ச் ஆஸ்திரேலியாவோடு. தெஷாம் முன்னால் எம்பாப்பே, கிரீஸ்மான், டெம்பெலே என்று மூணு வேகக்காரர்களை விட்டார், அதாவது இன்றைக்குப் பேரன் கேட்பதைத்தான் அன்றைக்குச் செய்தார். 2-1 என்று ஜெயித்தாலும் ஆட்டம் ஒட்டவே இல்லை. அஞ்சே நாளில் பெரு மேட்சுக்கு ஆளை மாற்றினார். டெம்பெலே வெளியே, உயரமான ஜிரூ நடுவில். இடது பக்கம் விங்கில் ஓடுகிற ஆளுக்குப் பதிலாக மத்துய்தி என்ற மிட்ஃபீல்டு உழைப்பாளி.

பெரியப்பா போர்டில் வைத்துக் காட்டியதை அப்படியே சொல்கிறேன். பின்னால் நாலு காய். ஓரத்து ரெண்டு பேர், பவாரும் லூகாஸ் எர்னாண்டஸும், அடிப்படையில் நடு டிஃபென்ஸ் ஆடிப் பழகியவர்கள், அதனால் கண்டபடி மேலே ஓடிவிட மாட்டார்கள். அவர்களுக்கு முன்னால் காண்டேயும் போக்பாவும். இடது பக்கம் இருக்க வேண்டிய காயை விரலால் உள்ளே இழுத்து, காண்டே பக்கத்தில் ஒட்டி வைத்தார்: "இதான் மத்துய்தி. பேருக்கு விங், ஆடுறது நடுவுல." இப்போது பார்த்தால் இடது பக்கம் பிரான்ஸுக்கு ஆளே இல்லாத மாதிரி காலியாகக் கிடக்கிறது, வலது பக்கக் கோட்டில் சிவப்புக் காய், எம்பாப்பே. பின்னால் ஓடிவந்து அடைக்கிற வேலை அவனுக்குக் கிடையாது, அந்த வேலையைத்தான் மத்துய்தி இந்தப் பக்கம் செய்து ஈடுகட்டுகிறார். ஒருத்தன் பின்னால் வராமல் நிற்பதற்காக இன்னொருத்தன் ரெண்டு ஆள் ஓட்டம் ஓட வேண்டும். அணியே ஒரு பக்கம் சாய்ந்த தராசு மாதிரி. பந்து கிடைத்ததும் போக்பா தலையைத் தூக்கி நீளமாக ஒரு பாஸ், எம்பாப்பே ஓட்டம், முடிந்தது.

"ஜிரூ எங்க தாத்தா? ஏழு மேட்ச்ல கோலைப் பார்த்து ஒரு ஷாட் கூட உருப்படியா அடிக்கல." இதற்குப் பெரியப்பா கையில் இருந்த கேரம் ஸ்ட்ரைக்கரையே நடுவில் வைத்தார். "இது குழியில விழுந்தா என்ன? ஃபௌல். காயைத் தள்றதுதாண்டா இதோட வேலை." நான் இத்தனை வருஷம் படித்த எந்தக் கட்டுரையும் ஜிரூவை இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை. ரெண்டு நடு டிஃபென்டர்களைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டு, பந்தை நிறுத்தி கிரீஸ்மானுக்குத் தட்டிவிடுவார், அந்த இழுபறியில் திறக்கிற சந்தில் எம்பாப்பே நுழைவார். கோல் போடத் தெரியாத ஆளும் கிடையாது, 2024-இல் ஓய்வு பெறும்போது பிரான்ஸுக்காக அதிக கோல் அடித்த ஆண் என்று ஹென்றியின் 51-ஐத் தாண்டி 57-இல் போய் நின்றவர். அந்த ஒரு மாதம் மட்டும் அவருக்கு வேறு வேலை கொடுத்திருந்தார்கள்.

அரையிறுதியில் பெல்ஜியத்தை ஒரு கார்னரில் உம்தித்தி தலையால் தட்டிய கோலோடு முடித்தபோது பெல்ஜியம் கோல்கீப்பர் கூர்துவா இது ஃபுட்பாலே இல்லை என்ற ரீதியில் பொருமினார். ஹசார், பிரான்ஸ் மாதிரி ஜெயிப்பதைவிட பெல்ஜியமாகத் தோற்கலாம் என்றார். தோற்றவர் வருத்தம் அது. எனக்கு அந்த அணியில் எந்தக் குறையும் தெரியவில்லை. ஆரம்பத்தில் திறந்து ஆடிப் பார்த்து, ஒத்துவரவில்லை என்று அஞ்சு நாளில் திருத்தி, தேவை வந்தபோது அர்ஜென்டினாவோடு 2-1 என்று பின்தங்கிய நிலையிலிருந்து 4-3 என்று திறந்தும் ஆடிக் காட்டிய அணி அது. ஃபைனலில் 4-2. இதைப் பயந்த ஆட்டம் என்று சொல்வது தப்பு.

ஒரு நாட்டு அணியின் கோச்சை கிளப் கோச்சோடு வைத்துப் பார்க்கிறபோது நாம் விட்டுவிடுகிற ஒரு விஷயம் நேரம். 2025 வரை செப்டம்பர், அக்டோபர், நவம்பர், மார்ச், ஜூன் என்று வருஷத்தில் அஞ்சு தடவைதான் பிளேயர்கள் கூடினார்கள். ஞாயிறு ராத்திரி மாட்ரிட்டிலோ மியூனிக்கிலோ ஆடிய பையன் திங்கள்கிழமை வந்து சேருகிறான், செவ்வாய் வரை உடம்பைத் தேற்ற வேண்டும், வியாழனோ வெள்ளியோ மேட்ச். உருப்படியாகச் சேர்ந்து பயிற்சி எடுப்பது ரெண்டு நாள். அதற்குள் எதைச் சொல்லித்தர முடியும்? எங்கே நிற்க வேண்டும், எப்படிக் கூட்டாகப் பின்வாங்க வேண்டும் என்பதைச் சீக்கிரம் பழக்கலாம். கார்னர், ஃப்ரீ கிக் பழக்கலாம். பந்து எதிரி காலில் இருக்கும்போதே பத்துப் பேரும் ஒரே நொடியில் பாய்ந்து பிடுங்குவது, நெருக்கடியில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமலே பாஸ் கொடுப்பது, இதெல்லாம் தினமும் சேர்ந்து ஆடி மாதக்கணக்கில் வருவது. தெஷாம் சீக்கிரம் வருவதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மீதியை எம்பாப்பே மாதிரி ஒருத்தனின் காலுக்கு விட்டார்.

பேரன் இதற்கும் பதில் வைத்திருந்தான்: ஸ்பெயின். அங்கே கோச் தெ லா ஃபுவென்டே 19 வயசுக்குக் கீழ், 21 வயசுக்குக் கீழ் என்று சின்ன அணிகளில் இருந்தே இந்தப் பசங்களோடு வந்தவர், 2024 யூரோவில் ஏழு மேட்சும் ஜெயித்தார். நியாயமான பதில். ஆனால் ஸ்பெயினில் பெரும்பாலும் ஒரே பாணியில் வளர்கிறார்கள், பிரான்ஸ் பசங்களோ சின்ன வயசிலேயே இங்கிலாந்து, ஜெர்மனி, இத்தாலி என்று சிதறி, ஆளுக்கொரு பாணியோடு வருகிறார்கள். அவர்களை ஒட்டவைக்கிற பசையாக தெஷாம் கண்டது கிரீஸ்மானை. 84 மேட்ச் தொடர்ச்சியாக அவரை எடுத்தார், 2022-இல் அவரை மிட்ஃபீல்டுக்கே இறக்கினார். ஸ்ட்ரைக்கர் பென்சிமாவை 2015-லிருந்து 2021 வரை வெளியே வைத்ததும் இந்த ஒட்டும் கணக்கோடு சேர்ந்ததுதான் என்று பெரியப்பா சொல்வார். அதில் கோர்ட்டு கேஸும் இருந்தது, நிறப்பாகுபாடு என்ற குற்றச்சாட்டும் வந்தது, தெஷாம் வீட்டுச் சுவரில் கிறுக்கிவிட்டுப் போகும் அளவுக்குப் போனது. அது தனிக் கதை.

இப்போது தெஷாமின் மோசமான ராத்திரி. 2021 ஜூன், புக்காரெஸ்ட், சுவிட்சர்லாந்து. நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரைக்கு ஆரம்பம். பின்னால் மூணு பேர் என்று பழக்கமில்லாத அமைப்பில் இறக்கினார், பாதி மேட்சில் அதைக் கலைத்தார். அப்புறம் பென்சிமா ரெண்டு, 75-வது நிமிஷம் போக்பா தூரத்திலிருந்து ஒன்று, 3-1. போக்பா நின்று ஆடிக் கொண்டாடினார். 81-இல் ஒன்று, 90-இல் ஒன்று, 3-3. பெனால்டியில் 5-4, எம்பாப்பே அடித்ததைக் கோல்கீப்பர் சோமர் தடுத்தார். செவில்லாவில் நடந்த அதே 3-1, அதே 3-3, அதே 5-4. பெரியப்பா அன்றைக்கு விடிகிறவரை படுக்கவில்லை. எதற்காக இந்த மனிதரை இத்தனை வருஷம் நம்பினாரோ அதே விஷயத்தில் அவர் கைவிட்டார். பேரன் இதைச் சொன்னபோது பெரியப்பா மறுத்துப் பேசவில்லை, காய்களைத்தான் அடுக்கிக்கொண்டிருந்தார்.

2022 ஃபைனலை ரெண்டு பேருமே தங்கள் கட்சிக்கு இழுப்பார்கள். முதல் பாதியில் பிரான்ஸ் இல்லவே இல்லை, அர்ஜென்டினா 2-0. 41-வது நிமிஷம், பாதி நேர விசில் கூட ஊதவில்லை, ஜிரூவையும் டெம்பெலேயையும் வெளியே எடுத்து துராமையும் கோலோ முவானியையும் இறக்கினார். 71-இல் கிரீஸ்மானையே எடுத்தார். பசையையே பிய்த்துவிட்டார் என்று வையுங்கள். 80-லும் 81-லும் எம்பாப்பே, எக்ஸ்ட்ரா டைமில் மறுபடியும், 3-3. கடைசி நொடியில் கோலோ முவானி அடித்ததை அர்ஜென்டினா கோல்கீப்பர் காலால் தட்டினார், அங்குலக் கணக்கு. "அந்தத் தைரியம் யாருக்கு வரும்?" என்கிறார் பெரியப்பா. "அப்படி ஆடத் தெரிஞ்ச டீமை எதுக்கு எழுபது நிமிஷம் கட்டிப்போட்டாரு?" என்கிறான் பேரன். அவன் கேட்டது சரியான கேள்வி என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் அதற்குப் பதில் 2024 யூரோவில் வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஆஸ்திரியாவோடு எதிரி போட்ட சேம்சைடு கோல். நெதர்லாந்தோடு 0-0. போலந்தோடு பெனால்டியில் ஒன்று. பெல்ஜியத்தோடு இன்னொரு சேம்சைடு கோல். போர்ச்சுகலோடு 0-0, பெனால்டியில் ஜெயிப்பு. அரையிறுதிக்கு வரும்வரை ஆட்ட ஓட்டத்தில் தங்கள் காலால் ஒரு கோல் கூட அடிக்காமல் வந்து சேர்ந்தார்கள். சலிப்பாக இருக்கிறதே என்று கேட்ட நிருபரிடம், சலிப்பாக இருந்தால் வேறு எதையாவது பாருங்கள் என்றார் தெஷாம். மறுநாள் ஸ்பெயின் 2-1. எம்பாப்பேக்கு மூக்கு உடைந்திருந்தது, உண்மை. ஆனாலும் நான் தெஷாமைக் குறை சொல்வது இந்த ஒரு இடத்தில்தான், அதுவும் வருத்தத்தோடுதான். 2018-இல் அவர் அடைத்து ஆடியதற்குக் காரணம் இருந்தது: முயன்று பார்த்து, கையில் இருந்ததற்கு எது பொருந்தும் என்று கண்டுபிடித்திருந்தார். 2024-இல் மத்துய்தியும் இல்லை, முதுகில் ஆள் தாங்கும் ஜிரூ ஓய்வை ஒட்டி பெஞ்சில், நீளமாகப் பாஸ் போடும் போக்பாவும் இல்லை. ஆள் எல்லாம் போன பிறகும் அமைப்பு மட்டும் அப்படியே நின்றது. தராசில் எம்பாப்பே பக்கம் மட்டும் எடை, மறு பக்கம் தட்டே இல்லை.

2026 உலகக் கோப்பையோடு விலகுகிறேன் என்று 2025 ஜனவரியில் சொன்ன பிறகுதான் கொஞ்சம் கதவைத் திறந்தார். அந்த ஜூன் 5-ஆம் தேதி ஸ்டுட்கார்ட்டில் நேஷன்ஸ் லீக் அரையிறுதி, மறுபடி ஸ்பெயின். எம்பாப்பே, டெம்பெலே, ஒலிசே, துவே நாலு பேரையும் ஒன்றாக இறக்கினார். ஒரு கட்டத்தில் 5-1 என்று பின்தங்கி, கடைசியில் 5-4. ஊரில் பாதிப் பேர் "பார்த்தியா, திறந்தா இப்படித்தான்" என்றார்கள், மீதிப் பேர் "பார்த்தியா, நாலு கோல் போட முடியுது" என்றார்கள். அன்றைக்கு நடு டிஃபென்டர்கள் சலிபாவும் உபமெக்கானோவும் பின்னால் இல்லை என்பதை ரெண்டு கட்சியும் சௌகரியமாக விட்டுவிட்டது.

திண்ணையில் பேரன் கடைசியாக வைத்ததும் இந்த நாலு காயைத்தான். சிவப்பு நடுவில், மூணு கறுப்பு அதைச் சுற்றி. பவுடர் ஒட்டிய விரலோடு பெரியப்பா பின்னால் காலியாகக் கிடந்த இடத்தைத் தட்டினார்.

"பந்து போச்சுன்னா யாருடா ஓடி வருவா?"

"யாரும் ஓடி வர வேணாம் தாத்தா, போன எடத்துலயே பிடுங்குவாங்க. மியூனிக்ல டெம்பெலே இன்டர் கோல்கீப்பர் முன்னாடி எப்படி நின்னான் பார்த்தீங்கல்ல, அஞ்சு கோல்."

மே 31 ஐரோப்பிய கிளப்களின் சாம்பியன்ஸ் லீக் ஃபைனலைச் சொல்கிறான், லூயிஸ் என்ரிக்கே கோச்சாக இருந்த பாரிஸ் கிளப் 5, இன்டர் 0. அங்கே டெம்பெலேயோடு ரெண்டு கோல் போட்ட துவேயும் ஆடினார், அஞ்சு நாள் கழித்து ஸ்டுட்கார்ட்டில் அதே ரெண்டு பேர். பெரியப்பா கொஞ்ச நேரம் போர்டையே பார்த்தார்.

"அது லூயிஸ் என்ரிக்கே தெனம் தெனம் சொல்லித்தந்தது. இவருக்குக் கிடைக்கிறது ரெண்டு நாள்."

"ரெண்டு நாளுன்னாலும் சொல்லித்தரலாம்ல."

பெரியப்பா முன்னால் இருந்த ஒரு கறுப்பை எடுத்துக் காண்டே நின்ற இடத்தில் வைத்தார். பேரன் அதை எடுத்து மறுபடி முன்னால் வைத்தான். இந்தத் தடவை அவர் அதைத் தொடவில்லை.